பாராவும் ஃபங்ஷனும்

அந்த லாரி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் எல்லோரும் அவரை ‘பாரா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய மொழியில் புரோகிராமின் ஒவ்வொரு துண்டுக்கும் பாரா என்று பெயர். எந்த லாரி எந்தக் கிடங்குக்குப் போவது என்று முடிவுசெய்யும் பாராக்களை எழுதியவர் அவர். அவற்றில் வேறு எவரும் கைவைக்காதபடி பாரா காத்தவரும் அவரே.

எல்லாவற்றையும் புது மொழிக்கு மாற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அதற்கான வகுப்பில் சேர்ந்தால் புதுக் குழுவில் இடம் உண்டு. சேராதவர்கள், பழையதை நிறுத்தும்வரை அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

“நாம மூணு பேரும் போகலேன்னா என்ன பண்ணுவாங்க?” என்றார் பாரா, சாப்பாட்டு மேசையில் தன் இரு சகாக்களிடம்.

“ஒரு லாரி நகராதுண்ணே,” என்றார் நெட்டை. கண்ணாடிக்காரரும் தலையாட்டினார்.

மனைவி இறந்த பிறகு பாரா ஒரு நாளில் பேசும் பேச்சில் முக்கால்வாசி அந்த மேசையில்தான். அவருடைய மறுப்பில் கொள்கை கொஞ்சம், பயம் கொஞ்சம். மிச்சமெல்லாம் அந்த மேசை.

ஒரு மதியம் ஒரே லாரியை இரண்டு கிடங்குகளுக்கு ஒதுக்கிவிட்டது கணினி. மூவரும் ஒரே திரைமுன் குனிந்தார்கள்.

“இந்த ஃபங்ஷன்லதான் கோளாறு,” என்றார் நெட்டை.

“ஃபங்ஷனா? யார் வீட்டு விசேஷம்டா?” பாரா உரக்கச் சிரித்தார்.

கண்ணாடிக்காரர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பாராவைத்தான் சொன்னேண்ணே. வாய் தவறி...” என்றார் நெட்டை.

சிரிப்பு பாதியில் நின்றது. புது மொழியில்தான் புரோகிராம் துண்டுக்கு அந்தப் பெயர். “எப்போ சேர்ந்தே?”

“போன மாசம். சாயங்கால வகுப்பு.”

“நீயுமா?”

“பொண்ணு இன்னும் படிக்கிறாளேண்ணே,” என்றார் கண்ணாடிக்காரர். “நீங்களும் வாங்க. ஒண்ணும் பெரிய வித்தையில்ல.”

“சொல்லாம கொள்ளாம நடத்தின ஃபங்ஷனுக்கு இப்ப எதுக்குடா அழைப்பு?”

ஆனாலும் மறுநாள் மாலை வகுப்பறைக் கதவுவரை போனார். கதவில் பதித்த கண்ணாடி வழியே இருவரும் தெரிந்தார்கள். புதிதாய் வந்த பெண் ஒருத்தி ஏதோ சொல்ல, நெட்டை மேசையைத் தட்டிச் சிரித்தார். கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டு பாரா படியிறங்கினார். தன்மானம் என்று பிறகு சிலர் மெச்சினார்கள். அவ்வளவு பெரிய சொல் அதற்குப் பொருந்துமா என்பது ஐயமே.

புதுக் குழு மேல்மாடிக்குப் போனது. அவர்கள் சாப்பிடும் நேரமும் மாறியது. கிடங்கு கிடங்காகப் புதியதற்கு மாற, பாராவின் தொலைபேசி வாயடைத்துப்போனது.

எப்போதாவது புது எண் தெரியாமல் கிடங்கிலிருந்து யாராவது அழைப்பார்கள்.

“அது இப்ப இங்க இல்ல தம்பி, மேல கேக்கணும். எண் தரேன், எழுதிக்க... இரு, இரு. அங்க மழையா? சத்தம் கேக்குதே.”