ஸ்டீபன் அனுப்பிய ஒரிஜினல் வீடியோ

ஸ்டீபன் இறந்துவிட்டான். ஹார்ட் அட்டாக். செம்மண்டலத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றுதான் இதை டைப் செய்கிறேன்.

காலையிலிருந்து ஃபேஸ்புக் முழுக்க அவன்தான். "கருத்துச் சுதந்திரப் போராளி" என்று எழுதுகிறார்கள். எனக்கு லைக் போட விரல் வரவில்லை...

ஐந்து வருடம் நானும் அவனும் சனிக்கிழமைகளில் கடலூர் முதுநகரில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தோம். பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது, மனதில் பட்டதை நெட்டில் பாதுகாப்பாக எப்படிச் சொல்வது... அவ்வளவுதான் பாடம். சிதம்பரத்திலிருந்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் பெஞ்சையெல்லாம் போட்டு வைத்திருப்பான்.

ஒருநாள் "கடல் உள்வாங்குது, உடனே ஷேர் பண்ணுங்க" என்று அவனே ஒரு மெசேஜ் தயாரித்துக் காட்டினான். பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, கடற்கரையில இருக்கற ஒருத்தருக்குப் போன் போட்டா தெரிஞ்சிடும்ல? எங்க ஓடறீங்க?" என்று சிரித்தான்.

வகுப்பு போட்டோ போடுவதென்றால் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் உட்கார்ந்து மறைப்பான். போதும் விடுடா என்றால் எனக்குத்தான் திட்டு.

"நம்மள நம்பி வந்துருக்குதுங்க மச்சான்."

அந்தப் பேச்சை நம்பித்தான் ப்ளஸ் டூ படித்த ஒரு மீனவக் குப்பத்துப் பெண் வீடியோ எடுத்தாள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் ஏன் பேசக் கூடாது என்று கேட்டாள். முகத்தை மறைத்து, குரலை மாற்றி, எங்கள் பேஜில் போட்டோம்.

யார் அது என்று ஊர்க்காரர்கள் கேட்டு வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டீபன் ஒரிஜினல் வீடியோவை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்.

அவள் அப்பா ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. அதோடு அவள் வகுப்புக்கு வரவில்லை.

"சமாதானமா பேசி முடிச்சிக்கலாம்னாங்க மச்சான், அதான்..."

அவ்வளவுதான் சொன்னான். நானும் போவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

எனக்குச் செய்திருந்தால் மறந்திருப்பேன்டா. நம்பி வந்த பிள்ளைக்கு எப்படிடா மனசு வந்தது?

இன்று அவளே போன் செய்தாள். இப்போது காலேஜ் படிக்கிறாள்.

"அண்ணா, கிளாஸ் போட்டோ போடுவீங்களா?"

"போடுவேம்மா. உன் மூஞ்சிய மறைச்சிட்டுதான்."

"மறைக்காதீங்கண்ணா. ஆளாளுக்கு அவர எப்படி எழுதறாங்க பாருங்க. நடந்ததையும் எழுதுங்க. என் பேரையும் போடுங்க."

"அப்பாவுக்கு எதுனா ஆச்சுன்னா?"

"அப்பாவ கேட்டுட்டுதான் பேசறேன். போடச் சொன்னாரு."

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை.

போட்டோவில் ஜன்னல் ஓரம் நிற்பவள் செல்வராணி. அவள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவன் ஸ்டீபன்.

உள்ளே வரக் கால் வரவில்லை மச்சான். வாசலிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்... போய் வா.