மிளகுக்கு வந்தவன்

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சரித்திர ஆசிரியை. எங்கள் தலைமையாசிரியருக்கு நாடகப் பைத்தியம். அந்த வருட ஆண்டு விழாவுக்கு, கடல்வழி கண்டுபிடித்துக் கள்ளிக்கோட்டையில் இறங்கிய போர்த்துகீசியத் தளபதியைப் பற்றி அவரே எழுதினார். மாமல்லபுரம் போனாலும் கால் நனைத்தால் சளி பிடிக்கும் என்று மணலோடு நின்று திரும்பிவிடுகிற மனிதர், அலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக வசனம் வைத்திருந்தார். தளபதி அறிவுத் தாகத்தால் கப்பலேறுகிறான், மன்னன் மாலை போடுகிறான், திரை.

"சார், அவங்க வந்தது மிளகுக்கு. அரபு வியாபாரிங்களைத் துரத்திட்டு மொத்தத்தையும் தாங்களே வாரிக்க வந்தாங்க. மறுபடி வந்தப்போ மெக்கா போய்த் திரும்பின கப்பலை ஆளுங்களோட கொளுத்தினாங்க. ஊரையே பீரங்கியால அடிச்சாங்க" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? பொண்ணுங்களுக்கு வீரம் தெரிஞ்சா போதும்."

கொள்ளைக்கு வீரம் என்று பெயர் வைக்க இவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பார்கள்.

தளபதி மன்னனுக்குப் பரிசு கொடுத்த காட்சியை மட்டுமாவது சேர்க்கச் சொன்னேன். மேடையில் தங்கத்தட்டு வரும் என்று நினைத்து உடனே சம்மதித்தார். பெட்டியை நான் நிரப்பினேன். அந்த ஆள் உண்மையில் கொண்டுவந்தது எதுவோ அதையே வைத்தேன்: முரட்டுத் துணி, தொப்பிகள், கை கழுவும் கிண்ணங்கள்.

மந்திரியாக நடித்தவள் ஒரு நெசவாளியின் மகள். மேடையில் பெட்டியைத் திறந்து, துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். எழுதிக்கொடுத்த வசனம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"இன்னாபா இது? ராஜாவுக்குக் கொண்டாந்த துணியா இது?"

கூட்டம் முழுக்கப் பட்டு நெய்கிற குடும்பங்கள். பந்தல் அதிரச் சிரித்தார்கள். கிண்ணம் வெளியே வந்ததும் ஒருவர் கத்தினார்: "மூஞ்சி கழுவிக்கினு கப்பலேறச் சொல்லுமா!" ஒட்டுமீசை வைத்திருந்த தளபதியும் சிரித்துவிட்டாள். மன்னன் மாலை போடவேயில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அழைத்தார். "ஒரு மகாவீரனைக் கோமாளி ஆக்கிட்டீங்களே!"

"அன்னிக்குக் கள்ளிக்கோட்டையில மன்னரோட ஆளுங்களும் சிரிச்சாங்க சார்."

சரித்திரத்தை அவரே எடுத்துக்கொண்டு எனக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார். பெண்கள் பரீட்சையில் 'அறிவுத் தாகம்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

ஒருநாள் தையல் வகுப்பில் மெக்கா கப்பலைக் கொளுத்திய கதையைச் சொன்னேன். அந்த மந்திரிப் பெண் கேட்டாள்: "டீச்சர், அந்தக் கப்பல்ல பொம்பளைங்களும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. குழந்தைங்களும்."

ஊசி நின்றது. "அவனுக்கா மாலை போடச் சொன்னாரு?" என்றாள்.

அந்த வருடம் முழுக்க, காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தபடியே மீதிச் சரித்திரத்தையும் சொல்லி முடித்தேன்.