இஸ்திரி போட்ட புதினா

தெருவில் எல்லோரும் அவரை 'மடிப்பு' என்றே அழைத்தார்கள். அவர் தேய்த்த சட்டையின் மடிப்பில் கை பட்டால் ரத்தம் வரும் என்பது தெருவின் ஏகமனதான தீர்ப்பு. சுருக்கத்தை ஒழிக்கவே அவதரித்த அந்த இஸ்திரிக்காரருக்கு ஒரே ஒரு வித்தைதான் கைவரவில்லை: பொறுத்திருப்பது.

மகள் நர்ஸ் வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறாள். தலைவலி வந்தால் வீட்டுத் தொட்டிப் புதினாவை வெந்நீரில் போட்டுக் குடித்தால்தான் அவளுக்குக் கண் திறக்கும். "வேற எதுவும் வேணாம்ப்பா. ஒரு பாட்டில் காயவெச்சுக் குடு, போதும்" என்றிருந்தாள்.

மடிப்பு தொட்டியை மொட்டையடித்து, இலைகளைக் கழுவி, அறை நிழலில் துணி விரித்துப் பரப்பினார். வானத்துக்கு யார் போட்டுக்கொடுத்தார்களோ, அன்றே மழை பிடித்துக்கொண்டது. பயண நாள் காலையிலும் இலையிலிருந்த ஈரம், மாமியார் வீட்டில் டேரா போட்ட மாப்பிள்ளையைப் போல, கிளம்புவதாயில்லை.

"இப்படியே பாட்டில்ல அடைச்சா பூஞ்சை பூத்துடும்" என்றாள் மனைவி. "மத்தியானம் வண்டி வந்துடும். என்ன செய்யப் போறீங்க?"

"இஸ்திரிப் பெட்டி எதுக்கு இருக்கு?"

"அது சட்டைக்குங்க!"

"ஈரம்னா எல்லாம் ஒண்ணுதான்டி. ஓரமாப் போ."

இலைகளை இரண்டு துணிகளுக்கு நடுவே படுக்கவைத்து, கனன்ற பெட்டியை ஓட்டினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தெருமுனை வரை புதினா மணத்தது. மேசையில் அடுக்கியிருந்த ஊரார் சட்டைகளெல்லாம் மணத்தன. இலைகளோ மொறுமொறுவென்று, மருந்துக்கும் சுருக்கமில்லாமல் கிடந்தன. வெற்றிவீரராகப் பாட்டிலை நிரப்பினார்.

வாசலில் மகள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"வைக்கோல் மாதிரி இருக்கேப்பா."

"வாசனையத் தெருவுக்குப் பங்கு போட்டுட்டு, பெத்த பொண்ணுக்குச் சக்கையக் கட்டியிருக்காரு உங்கப்பா" என்றாள் தாய்.

மடிப்பு தொட்டியைப் பார்த்தார். வெறும் காம்புகள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"பரவால்லப்பா" என்று மகள் பாட்டிலைப் பைக்குள் செருகிக்கொண்டாள். அவள் ஏறியதும் வண்டி முனையில் திரும்பிவிட்டது.

எதிர்வீட்டு வங்கிக்காரர் தேய்த்து வாங்கிய சட்டையை முகர்ந்துகொண்டே ஓடி வந்தார்.

"அண்ணே, பிரமாதம்! இனிமே எல்லாச் சட்டையும் இதே வாசனையில தேச்சுக் குடுங்க!"

மடிப்பு தெருமுனையையே பார்த்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.