ராகு காலத்தில் கிளம்பிய ரங்கநாயகி டீச்சர்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் குழுவில், ரங்கநாயகி டீச்சர் காலமானார் என்று ஒரே வரி. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் குழு முழுக்கக் கும்பிட்ட கைகள். ‘அமைதியே உருவானவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘அதிர்ந்து பேசாதவர்’ என்று இன்னொருவர். யாரைச் சொல்கிறார்கள் இவர்கள்? எங்களுக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி டீச்சர் வாயைத் திறந்தால் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்கள்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்ட தலைமையாசிரியர், நான் என்ன பேசப்போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். “அந்த விஷயமெல்லாம் மேடையில வேண்டாமே டீச்சர், ஜென்ட்ஸ் எல்லாம் வருவாங்க” என்றார். அப்படியானால் நான் பேச வரவில்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சரைத் தெரிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்த சமயம். மதியச் சாப்பாட்டின்போது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். குங்குமப்பூ சாப்பிடு, குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்றார் ஒருவர். ரங்கநாயகி டீச்சர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, “அதெல்லாம் இருக்கட்டும் சாந்தி. குழந்தை வெளியில வந்ததும் வேலை முடிஞ்சிடாது. நஞ்சுக்கொடி முழுசா விழணும். அப்புறம் வாரக்கணக்கா ரத்தம் போகும், நாளாக ஆகக் குறையணும். தையல் போட்டிருந்தா உட்கார முடியாது. முதல் தடவை பாத்ரூம் போகவே பயமா இருக்கும். பால் கட்டிண்டா மார் கல்லாட்டம் வலிக்கும். காரணமே இல்லாம அழுகை வரும், பைத்தியம் பிடிச்சிடுத்தோன்னு பயப்படாதே” என்றார். கணக்கு சார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். “ஏன் சார் ஓடறீங்க? உங்க ஆத்துக்காரிக்கும் இதெல்லாம் வந்திருக்குமே, ஒரு நாளாவது கேட்டீங்களா?” என்று விடாமல் கேட்டார் டீச்சர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. அவர் சொல்லாததும் நடந்தது. வலியில் கத்திய பெண்ணைப் பார்த்து, “அப்ப மட்டும் இனிச்சுதா?” என்று கேட்டாள் ஒரு நர்ஸ். கேட்டவளும் பெண்தான், பிள்ளை பெற்றவள்தான். வயிறு எரிகிறது இப்போது நினைத்தாலும். வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தைக்கு எப்போது ஊசி, எப்படிக் குளிப்பாட்டுவது என்று விவரமாகச் சொன்னார்கள். எனக்கு என்ன ஆனால் திரும்பி வர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருவெள்ளறையில் அம்மா வீட்டில் இருந்தேன். தண்ணீர் கேட்டால் வயிறு பெருத்துவிடும் என்று அரை டம்ளர் வெந்நீர் கொடுத்தார்கள். குறைந்திருந்த ரத்தம் திடீரென்று மறுபடி சிவப்பாகக் கொட்ட ஆரம்பித்தது. வைத்த துணி கொஞ்ச நேரத்தில் நனைந்துவிடும். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்தது. “கெட்ட ரத்தம்டி, போகட்டும், அடக்கக் கூடாது” என்றார் அம்மா. என்மேல் உயிரையே வைத்திருந்தவர்தான் அப்படிச் சொன்னார். டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தும், அம்மாவை எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தையைப் பார்க்க டீச்சர் வந்தார். தொட்டில் பக்கம் போகவே இல்லை. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். துணியைக் காட்டச் சொன்னார். பார்த்ததும், “கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார். அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ராகு காலமா இருக்குங்க. முடியட்டும், ஆறு மணிக்கு மேல கூட்டிட்டுப் போறேன்” என்றார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் வாசல் தாண்டாத டீச்சர், நல்ல நேரம் பார்க்காமல் ஒரு பரீட்சைத்தாளைக்கூடத் திருத்தாத டீச்சர், “ராகு காலம் முடியறவரைக்கும் ரத்தம் நிக்குமா? நிக்கும்னா சொல்லுங்கோ, நானும் உட்கார்ந்திருக்கேன்” என்றார். டீச்சர் தானே தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆட்டோவில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். எல்லார் முன்னாலும் ஏன் டீச்சர் இதையெல்லாம் பேசினீங்க என்று கேட்டேன். “எனக்கு ஒருத்தரும் சொல்லலையே சாந்தி. எனக்கு மட்டும்தான் உடம்பு இப்படி ஆறதுன்னு நெனச்சுண்டு குளிக்கிற ரூம்ல உட்கார்ந்து அழுதேன். அந்தக் கோவம் இன்னும் தீரல” என்றார். ஆஸ்பத்திரியில், நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது என்று சொல்லி உடனே எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஆறு மணி வரைக்கும் காத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்று என் அம்மாவிடம் டாக்டர் சொன்னாராம்.

இந்த மனுஷியைத்தான் அமைதியே உருவானவர் என்கிறார்கள். அவர் அமைதியாக இருந்திருந்தால் என் படத்துக்கு அப்போதே மாலை போட்டிருப்பார்கள். பெண் எப்படிச் செத்துப்போகிறாள் என்பதைப் பேசுவது அசிங்கம், செத்தபின் மாலை போடுவது மரியாதையா? அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த வெட்கமில்லாத வாயைத்தான்.

தொட்டிலில் அன்று கிடந்தவள் இப்போது சென்னையில் ஏழு மாதக் கர்ப்பிணி. கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவளைப் போனில் கூப்பிட்டேன். ரத்தம், தையல், கட்டி என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அவள் குரலைத் தாழ்த்தி, “அம்மா, போன் ஸ்பீக்கர்ல இருக்கு. அவரும் பக்கத்துலதான் இருக்காரு” என்றாள்.

“எழுந்து போயிடாதீங்க மாப்பிள்ளை” என்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.