கான்டீன் சுவரில் ஒரு பொட்டு

கல்யாணமாகி மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரரைச் சாகடித்துவிட்டார்கள். சிலிபினில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையில் ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் பூ விற்பாள். மல்லிகைச் சரம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரத்தில் கை வைக்காமல், "வூட்டுக்காரரு எப்பம்மா தவறினாரு?" என்றாள். குரலில் அத்தனை பரிவு. தவறிப்போன மனிதர் எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன் லா," என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கு வால்போல வரும் 'லா'வோடு. அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பொட்டில்லாத நெற்றியும் தலை நிறையப் பூவுமாக ஒருத்தி தெருவில் போனால், வேதக்காரப் பெண், கிறிஸ்தவப் பெண், போகிறாள் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் சின்ன வகுப்பில் படித்தபோது பக்கத்து வீட்டுச் சினேகிதி விளையாட்டாக எனக்குச் சாந்துப்பொட்டு வைத்துவிட்டாள். அதோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. முந்தானையை நனைத்து, நெற்றி எரியும்வரை தேய்த்தாள். "நம்மள யாருன்னு சொல்லுகதுக்கு இந்த வெறும் நெத்திதான்ட்டீ இருக்கு," என்றாள். சொத்து பத்து இல்லாத குடும்பம். அம்மா அதை ஒரு சொத்துபோலவே காத்தாள். என்னையும் காக்க வைத்தாள்.

அந்தச் சொத்து இங்கே செல்லாது என்று தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது ஈப்போவுக்கு வந்து, பஸ் பட்டறையில் மெக்கானிக் ஆனவர். தோட்டத்தில் இன்னும் இருக்கும் அவருடைய தங்கையைப் பார்க்கப் போனோம். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நெற்றியில் வட்டமாகக் குங்குமம். நான் வெறித்துப் பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். "ரெண்டும் அழகாத்தானே இருக்கு அண்ணி, தேத்தண்ணி குடிங்க," என்றாள். குடித்தேன். இவர்களும் சர்ச்சில் என்னோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்களா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஊரில் நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். இங்கே என் சான்றிதழை எவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் அவர் பட்டறைக்குப் போய்விட்டால் முன் ஜன்னலிலிருந்து பின் கதவுக்கும் பின் கதவிலிருந்து முன் ஜன்னலுக்குமாக நடப்பேன். முன்னால் பார்த்தால் சுண்ணாம்புக் குன்று. பின்னால் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரர்களின் துணிக்கொடி. பகல் முழுக்க வெக்கை, நாலு மணி ஆனால் மழை. துவைத்த துணியும் காயாது, மனசும் காயாது. கையில் கிடைத்த தாளில் எல்லாம் எதையாவது வரைந்து கிழித்துப் போட்டேன். ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே சொல்லிவிட்டேன்: "கிறிஸ்துமஸுக்குள்ள எனக்கு ஒரு வேலை கிடைக்கலைன்னா பினாங்குல ஊருக்குக் கப்பல் ஏறிருவேன். அப்புறம் என்னைத் தேடக் கூடாது." அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "சொல்லிட்டுப் போ லா," என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, பயந்து சொன்னாரா, தெரியவில்லை. நான் விளையாடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அவர் அங்கே ஸ்கூல் பஸ்ஸைப் பழுது பார்க்கப் போனபோது, என் பெண்டாட்டி படம் போடுவாள் என்று தலைமையாசிரியையிடம் பெருமை அடித்திருக்கிறார். மிஸ் சியோங், சீனப் பெண்மணி, கண்டிப்பானவர். கான்டீன் சுவர் நீளத்துக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு இது எல்லாருடைய பள்ளிக்கூடம் என்று படவேண்டும். படம் நன்றாக அமைந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொல்லி எனக்குச் சித்திர வகுப்பு வாங்கித் தருவேன் என்றார். சங்கத்துக்காரர்கள் பரிசளிப்பு நாளன்று வந்து சுவரைப் பார்த்து முடிவு செய்வார்கள். இருப்பதா, கப்பல் ஏறுவதா என்பது ஒரு கான்டீன் சுவரில் வந்து நின்றது.

மாதிரிக்கு ஒரு காலண்டர் படம் கொடுத்தார். சொங்கோக் தொப்பி போட்ட பையன், இரட்டைப் பின்னல் சீனச் சிறுமி, பட்டுப் பாவாடையும் மல்லிகையும் பெரிய பொட்டுமாக ஒரு தமிழ்ச் சிறுமி. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நான் ஒரு வாரம் இடைவேளை நேரத்தில் கான்டீனில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தேன். காலண்டரில் இருந்த ஒருத்தரும் அங்கே சாப்பிட வரவில்லை. எல்லாரும் வெள்ளைச் சட்டை, நீல உடுப்பு, சேறு அப்பிய வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. சொங்கோக் எங்கே என்று ஒரு மலாய்ப் பையனைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமைதான் சிக்கு," என்றான், டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குள் இருந்த டிராயிங் டீச்சர் விழித்துக்கொண்டாள். இருக்கிற பிள்ளைகளை இருக்கிறபடி சீருடையில் வரைகிறேன் என்று மிஸ் சியோங்கிடம் அடம்பிடித்தேன். அவர் யோசித்தார். "சரி. ஆனால் யார் எந்த இனம் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்," என்றார். நான் தலையாட்டிவிட்டேன். முகத்தை ஒழுங்காக வரைந்தால் தானாகத் தெரியாதா என்பது என் கர்வம்.

தமிழ்ப் பிள்ளைக்கு மாதிரியாக நான் பிடித்தது ரோஸ்லினை. மூன்றாம் வகுப்பு, வாய் ஓயாத பெண். அவள் குடும்பமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான், இப்போது குனோங் ராபாட்டில் வாடகை வீடு, அம்மாவுக்குத் துணித் தொழிற்சாலையில் வேலை. அவளைப் பிடித்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் நெற்றியும் என் நெற்றிபோல வெறுமையாக இருந்தது. வந்த ஊரில் முதன்முதலாக என் சாயலில் ஒன்றைக் கண்ட சந்தோஷம். ஆசை ஆசையாக வரைந்தேன். பால் பல் விழுந்த வாய், ஒரு பக்கம் இறங்கிய காலுறை, எண்ணெய் வழியும் நெற்றி. அசல் அவளேதான். அவளும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சுவரில் தான் நிற்கப்போவதைச் சொல்லிவைத்திருந்தாள்.

முகம் முடிந்த அன்று மிஸ் சியோங் வந்து, முற்றத்தின் அந்தக் கோடிவரை போய் நின்று பார்த்தார். "மிக நன்று. இந்தியப் பெண்ணை எப்போது போடுவீர்கள்?" என்றார். இதுதான் அவள் என்றேன். "பொட்டு இல்லையே," என்றார். நான் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர், எங்கள் சபை, என் அம்மா எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், புரிந்தது என்று தலையசைத்தார். மறுநாள் காலை பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் எனக்கென்று ஒரு டின் சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்து வைத்தார். என்னிடம் சிவப்பு தீர்ந்துபோய்விட்டது என்று மிஸ் சியோங்குக்குப் புரிந்திருக்கிறது. நான் அந்த டின்னைத் திறக்கவே இல்லை. போய் மறுபடி சொன்னேன். இந்த முறை அவருக்கு நன்றாகவே புரிந்தது. "இது உங்கள் நெற்றி இல்லை, பள்ளிக்கூடத்துச் சுவர்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் அன்றைக்குச் சண்டை. "ஒரு பொட்டுதானே, வெச்சிட்டு வேலையைப் பாரு லா," என்றார் என் வீட்டுக்காரர். "உங்க தங்கச்சி மாதிரி ரெண்டையும் மாட்டிக்கிட்டுத் திரிய எனக்குத் தெரியாது," என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். வைத்தால் வேலை. வைக்காவிட்டால் கப்பல். கப்பல் என்று நினைத்தவுடன் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சுவரைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த நாள் நான் போனபோது சுவரில் ரோஸ்லினுக்குப் பொட்டு இருந்தது. சிவப்பு கிரேயானில் யாரோ வட்டம் போட்டு, உள்ளே அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தார்கள். நடு நெற்றியில்கூட இல்லை, இடது புருவத்துப் பக்கம் சரிந்து கிடந்தது. யாரோ என்ன, விரலெல்லாம் சிவப்பாக ரோஸ்லினே எதிரில் நின்றாள். பிள்ளைகளெல்லாம் சுவரைப் பார்த்து, பொட்டு எங்கே, இது இந்தியப் பெண்ணே இல்லை, நீயும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் டீச்சர்," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓங்கிக் கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே வகுப்புக்கு ஓடினாள்.

பள்ளி விடும் நேரத்தில் சேதி கேட்டு அவள் அம்மா வந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு, பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்த வியர்வையோடு நின்றாள். "அவ செஞ்சது தப்புதான் டீச்சர், நான் ஏசிட்டேன்," என்றாள். கத்தியதற்கு நானும் வருத்தம் தெரிவித்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் கேட்டேன்: "நீங்க வேதக்காரங்கதானே? பொட்டு இல்லாமத்தானே இருக்கீங்க? இந்தப் பிள்ளைக்கு எதுக்கு அந்த ஆசை?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "தோட்டத்துல நாங்க எல்லாம் பொட்டு வெப்போம் டீச்சர். லயத்துல எல்லாம் வரிசை வூடுங்க, பக்கத்து வூடு வெக்கிறாங்க, நாங்களும் வெக்கிறோம். சர்ச்சு சாமியாரு வந்தாக்கூட ஒன்னும் சொல்ல மாட்டாரு. டவுனுக்கு வந்து சர்ச்சுக்குப் போனப்ப, ஊர்லேருந்து வந்த அம்மாங்கதான் சொன்னாங்க, இது அசிங்கம், அழிச்சிட்டு வாங்கன்னு. படிச்சவங்க சொல்றாங்களேன்னு அழிச்சிட்டோம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களாட்டந்தான் பேசுவாங்க அவங்களும். உங்க ஊருதான்னு நெனைக்கிறேன்," என்றாள். பிறகு பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "எங்களுக்கு எப்படி இருந்தாலும் சரி டீச்சர். புள்ள சுவத்துல இருக்கணும். அதுக்குத்தான் ஆசைப்படுது."

அவர்கள் போன பிறகு நான் கான்டீன் பெஞ்சில் உட்கார்ந்தேன், மழை பிடித்துக்கொண்டது. என் சாயல் என்று நான் கொண்டாடிய அந்த வெறும் நெற்றி, என்னைப் போன்ற ஒருத்தி முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்ட நெற்றி. அவமானமாக இருந்தது. அம்மாமேலும் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அந்தக் கோபத்துக்காக அழுகை வந்தது. அம்மா காத்தது பொய்யில்லை. ஆனால் அது பாளையங்கோட்டைத் தெருவில் எங்களுக்கு மெய். அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இன்னொருத்தி பிள்ளைக்குப் பூச எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மறுநாள் அந்தச் சிவப்பு டின்னைத் திறந்தேன். கிரேயான் கறையின்மேல், அவள் வைத்த அதே இடத்தில், அதே சரிவில் வைத்தேன். மிஸ் சியோங் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் கோணலாக இருக்கிறதே," என்றார். "அவளே வைத்துக்கொண்டது, அப்படித்தான் இருக்கும்," என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, விட்டுவிட்டார். ரோஸ்லின் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வந்து தன்னைக் காட்டினாள். பொட்டு வைத்தபின் நான் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியாமல் கேட்டேன்.

பரிசளிப்பு நாளில் சங்கத்துக்காரர்கள் சுவரைச் சுற்றி நின்றார்கள். தங்கள் பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேலை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் அன்றைக்கு மீனும் மங்குஸ்தீன் பழமும் வாங்கி வந்தார், கப்பல் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். மழை தின்றுபோகிற இடங்களை வருஷத்துக்கு ஒருமுறை நானே தொட்டுச் சரி செய்கிறேன். ஆனால் அன்று சங்கத்தில் ஒருவர், பலசரக்குக் கடை வைத்திருக்கும் சீனர், இடது ஓரத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "எல்லாரும் இருக்கிறார்கள், டீச்சரைக் காணோமே?" என்று கேட்டுவிட்டார். உங்களையே போட்டுவிடுங்கள் என்றார் மிஸ் சியோங், கையைத் தட்டிக்கொண்டு.

அந்த இடத்துக்கு முன்னால் நான் பல நாள் தூரிகையோடு நின்றேன். சேலையைப் போட்டேன், பின்னலைப் போட்டேன், பூவைப் போட்டேன். முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். வெறும் நெற்றி போட்டால் ரோஸ்லினின் அம்மா பார்ப்பாள். பொட்டு வைத்தால், போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பும்போது அம்மா பார்ப்பாள். கடைசியில் என்னைப் பிள்ளைகளைப் பார்த்தபடி, பார்க்கிறவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கிற மாதிரி வரைந்து முடித்தேன். சுவரில் எல்லாரும் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் ஒருத்திதான் திரும்பி நிற்கிறேன்.

பெயின்ட் காய்வதற்குள் ரோஸ்லின் வந்துவிட்டாள். சுவரை அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க பொட்டு வெச்சிருக்கீங்களா, இல்லையா?" என்றாள். "அந்தப் பக்கம் போய்ப் பாரு," என்றேன் விளையாட்டாக.

அவள் நிஜமாகவே ஓடினாள். கான்டீனைச் சுற்றிக்கொண்டு, அரிசி மூட்டை அடுக்கும் அறை இருக்கும் பின்புறம் வரை போனாள். நான் தூரிகையைக் கழுவி முடிக்கும்போது மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பக்கம் யாருமே இல்ல டீச்சர்," என்றாள்.