அம்பிகா காய்ச்சிய வெறி குறைந்த பியர்

பியரில் எவ்வளவு வெறியைக் குறைத்தால் ஒரு மனிதன் வீட்டோடு இருப்பான்?

ஜேர்மனியின் கொலோன் நகரில், எங்கள் கட்டடத்து மாடிப்படியில் நின்று அம்பிகா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கையில் துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்ரிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் கதையைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும்.

அம்பிகாவின் கணவர் சிற்றம்பலம் பார்சல் வண்டி ஓட்டியவர். வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் கேட்டுப் பழகி, கட்டடத்தின் நிலவறையில் பெரிய பானை வைத்துத் தானே பியர் காய்ச்சினார். லேசான பியர் அவருக்குப் பிடிக்காது. பெல்ஜிய வகைதான் வேண்டும். இரண்டு போத்தலில் நாக்குத் தடித்துவிடும். ஒரு ஞாயிறு மத்தியானம் அதைக் குடித்துவிட்டுக் காரை எடுத்தார். பொலிஸ் மறித்தது. லைசென்ஸ் போனது.

அது திரும்பி வரவேண்டுமானால் ஒரு வருடம் மதுவைத் தொடாமல் இருந்து காட்ட வேண்டும். பரிசோதனை நிலையத்திலிருந்து எந்த நாளும் அழைப்பு வரலாம். வந்தால் மறுநாளே போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். பார்சல் கம்பனி முதலாளி இரக்கமுள்ளவர். அதுவரை களஞ்சியத்தில் பெட்டி அடுக்கட்டும், லைசென்ஸ் வந்ததும் வண்டியைத் தருகிறேன் என்றார். அந்த ஒரு வருடத்தைக் கட்டிக் காத்துவிட்டால் போதும் என்று அம்பிகா நினைத்தாள்.

ஆனால் சிற்றம்பலம் வேலையால் வந்ததும் யன்னலடியில் போய் நின்று, தெருமூலையில் பியர் விற்கும் கியோஸ்க்கையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

அம்பிகா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவள். அங்கே பின்னேரங்களில் கிழவர்களுக்கு அல்கஹோல் இல்லாத பியர் கொடுப்பார்கள். அவர்களும் உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். கடையில் அதை வாங்கி வந்து வைத்தாள். செத்த பியர் என்று சிற்றம்பலம் தள்ளிவிட்டார். அப்படியானால் நானே உயிருள்ளதாகக் காய்ச்சுகிறேன் என்று அவள் பானையை இறக்கினாள். பரிசோதனையில் அதனால் பிழை வராதா என்றும் கேட்டாள். அதெல்லாம் காரியமில்லை, தான் விசாரித்துவிட்டதாக அவர் சொன்னார்.

அவருடைய செய்முறையையே எடுத்து மாற்றினாள். முளைவிட்ட பார்லியைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். அதை ஊறவைக்கும் தண்ணீரின் சூட்டைக் கூட்டினாள். சூடு கூடினால், பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ற் தின்னமுடியாத சீனிதான் அதிகம் இறங்கும். தின்னாத சீனி மதுவாகாது. கசப்புக்குப் போடும் ஹொப்ஸையும் குறைத்தாள். இல்லாவிட்டால் மெலிந்த பியரில் கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதல் பானையைச் சிற்றம்பலம் ஒரு மிடறு குடித்தார்.

"இது கஞ்சித் தண்ணியப்பா. கொஞ்சம் உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுத் தாரும்."

அம்பிகா சிரித்தாள். அந்த நாட்களில் வந்த முதல் அழைப்பில் அவர் சுத்தம் என்று முடிவு வந்தது. அந்தக் கஞ்சியை ஒரு மிடறுக்கு மேல் யார் குடித்தார்கள்?

அடுத்த முறை வாய்க்குத் தடிப்பாக இருக்கட்டும் என்று ஓட்ஸ் சேர்த்தாள். சீனி அளக்கும் கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்தாள். மது நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவு. மாரிக் குளிருக்குப் பயந்து போத்தல்களை நிலவறையின் ஹீற்றர் பக்கத்தில் அடுக்கினாள்.

சில கிழமைகளில் அவர் வாய்விட்டுப் பாராட்டத் தொடங்கினார். "இப்பதான் அம்பிகா இது பியர். போன கிழமையைவிட இந்தக் கிழமை இன்னும் நல்லம்." கல்யாணம் கட்டிய நாள் முதல் அவள் சமைத்த எதையும் அவர் இப்படிச் சொன்னதில்லை. யன்னலடியில் நிற்பதையும் விட்டுவிட்டார். ஒருநாள் போத்தலைத் திறக்க நுரை சீறி அவள் முகத்தில் அடித்தது. இருவரும் மேசையில் சாய்ந்து சிரித்தார்கள்.

பிறகு இரண்டாவது அழைப்பு வந்தது. சிறுநீரில் மது இருந்தது. கழிந்த மாதங்கள் ஒன்றும் கணக்கில் இல்லை, முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றார்கள்.

அம்பிகா நிலவறைக்கு ஓடினாள். மிஞ்சியிருந்த போத்தலொன்றைத் திறந்து, நுரை அடங்கும்வரை பொறுத்து, மிதவையை விட்டாள். நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டி அது கீழே போனது. சீனி குறைந்திருந்தது. அப்படியென்றால் மது கூடியிருந்தது, மூன்று வீதத்துக்குக் கிட்ட.

ஈஸ்ற் விற்கும் கடைக்காரியிடம் போய்க் கேட்டாள். பெல்ஜிய ஈஸ்ற்றில் ஒரு வகை, மற்ற ஈஸ்ற் விட்டுவைக்கும் சீனியையும் தின்னும் என்றாள் அவள். பழைய குழாயின் உட்புறத்தில் அது ஒட்டிக் கிடந்தால் சுடுதண்ணீரில் கழுவினாலும் போகாது. அம்பிகா பியரைப் போத்தலில் இறக்கியது கணவரின் பழைய குழாயால்தான். அவர் காய்ச்சிய பழைய பியர் ஹீற்றர் சூட்டில் அவளுடைய போத்தல்களுக்குள் இருந்து வளர்ந்திருக்கிறது.

அன்று பின்னேரமே அவள் கோட்டை மாட்டினாள். பரிசோதனை நிலையத்துக்குப் போய், பிழை என்னுடையது, அவரைத் தண்டிக்காதீர்கள் என்று சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுச் சப்பாத்துக் கட்டக் குனிந்தாள்.

"போகாதேயும்," என்றார் சிற்றம்பலம். "அல்கஹோல் இல்லாத பியரும் தொடக்கூடாது எண்டு முதல் டேர்மினுக்குப் போன அண்டைக்கே சொன்னவங்கள்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் காய்ச்சியிருக்க மாட்டீர்."

அவள் குனிந்தபடியே இருந்தாள். "வெறி கூடினதும் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"தெரியும். அதுதானே நல்லம் எண்டு சொன்னனான்."

முதலாளி வண்டிக்கு வேறொருவரை எடுத்துவிட்டார். களஞ்சியத்திலும் சிற்றம்பலம் நீடிக்கவில்லை. இப்போது அவர் யன்னலடியில் நிற்பதில்லை, கியோஸ்க் வாசலிலேயே நிற்கிறார். மனுசி காய்ச்சின பியர்தான் தன்னைக் கெடுத்தது என்று தமிழ்ச் சங்கத்து ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்களும் அம்பிகாவைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர்களுக்கு அவள் விளக்கம் சொல்லவில்லை. குழாயை வெட்டிக் குப்பையில் போட இறங்கி வந்தபோதுதான் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இப்போது எனக்குப் பதில் தெரியும். வெறி முழுவதையும் குறைத்திருந்தாலும் அவர் வீட்டோடு இருந்திருக்க மாட்டார். அவள் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் இன்னொருவருக்கும் இதைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்று பியரை மெலியவைத்துக் காய்ச்சிக்கொண்டிருக்கும் யாருக்காவது சொல்லுங்கள். கொலோன் சங்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.