பத்து வருஷத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

நான் செய்வது பூ வியாபாரம். சங்கரன்கோவில் பூச்சந்தையில் கமிஷன் கடை. காலையில் பனவடலிசத்திரம், மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து மல்லிகையும் பிச்சியும் வந்து இறங்கும். மதியத்துக்குள் கடை காலியாகிவிட வேண்டும். சாயங்காலம் வரை வைத்திருந்து நல்ல விலைக்குத் தள்ளலாம் என்று எவனாவது நினைத்தால் அவன் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான். அரை நாள் ஆயுசுள்ள சரக்கோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியதால்தானோ என்னவோ, சொந்த உபயோகத்துக்கு எதை வாங்கினாலும் அது நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். மிக்சி, பைக், செருப்பு எல்லாவற்றிலும் அப்படித்தான். கேம் ஆடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைத்தபோதும், பத்து வருஷம் தாங்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அதை எப்போது செய்வது என்பதை மட்டும் முடிவுகட்ட முடியவில்லை.

நாற்பதை நெருங்குகிறவன் கேம் ஆடுகிறான் என்பதை எந்த வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. மதியத்தில் யாராவது தேடி வந்தால் என் மனைவி, “உள்ள கணக்கு பாத்துக்கிட்டு இருக்காவ” என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஆட்டத்துக்குக் காரணமும் கூட்டாளியும் ஒரே ஆள். கடையநல்லூர்க்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன். அந்த நாளில் வகுப்பு முடிந்து பஸ் வரும் வரை பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியை ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டு உட்கார்ந்து, ஒரே கீபோர்டில் கார் ஓட்டுவோம். பிறகு அவன் சவுதிக்குப் போய் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். அங்கே மதியம் கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள். அந்த இடைவெளியும் என் சந்தை முடிந்த பிறகான நேரமும் எப்படியோ ஒத்துப்போயின. அவன் லேப்டாப்பிலும் நான் பழைய கம்ப்யூட்டரிலுமாக எதையாவது ஆடுவோம். நெட் பாதியில் நிற்கும். அறையில் மற்றவர்கள் தூங்குவதால் அவன் பேசமாட்டான், டைப் அடிப்பான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திரையில் சேர்ந்து ஆடினால்தான் முன்னே நகரும் என்கிற வகை ஆட்டங்கள் உண்டு. ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவன் உள்ளே போக முடியும். அப்படி ஓர் ஆட்டத்தை, லீவில் வரும்போது என்னோடு உட்கார்ந்து ஆடி முடித்துவிட வேண்டும் என்றான். என் பழைய கம்ப்யூட்டரில் அது திறக்கக்கூட இல்லை.

அவனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிச் சாமான் வாங்குகிற முறையே தனி. கேம் ஓடுவதற்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு, அங்கே விலை குறைவு என்பதால், வெளிநாட்டிலிருந்து வருகிறவனோடு வர வேண்டும். பேரீச்சம்பழத்தையும் செண்ட் பாட்டிலையும் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, கார்டை மட்டும் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்து, ஊர் வரும்வரை மடியிலிருந்து இறக்கமாட்டார்கள். ஆக, இங்கே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் காலத்தைத் தீர்மானிப்பவர் எங்கோ ஒரு நாட்டில் லீவு கொடுக்கிற முதலாளிதான்.

முதல் லீவுக்குக் கிளம்பும் முன் போன் செய்தான்.

“எந்த கார்டு மக்கா வேணும்? இன்னைக்கு வாங்கப் போறேன்.”

“இப்ப வேண்டாம்லே. அடுத்தது வரப்போகுதாம். இத வாங்குனா கொஞ்ச நாள்லயே பழசாயிரும்.”

“அப்ப ஆடுறது?”

“அடுத்த லீவுல ஆடிக்கிடலாம்.”

அவன் வந்தது ஆடி மாதம். ஆடியில் புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். “ஆவணி பொறக்கட்டும்யா, கம்ப்யூட்டர் என்ன ஓடியா போயிரும்?” என்றார். சாதாரணமாக அம்மாவின் சட்டங்களோடு வாதாடுகிற நான் அன்றைக்கு மறுபேச்சு பேசவில்லை. என் வசதிக்கு அது ஒத்து வந்தது. ஆவணி பிறப்பதற்குள் அவன் போய்விட்டான். அதற்கு முன் ஒருநாள் குற்றாலத்தில் குளித்தோம், ஒருநாள் ஊரில் பிரியாணி சாப்பிட்டோம். ஆட்டத்தைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.

பிறகு அந்தப் புது கார்டும் வந்தது. முதலில் வருவதில் ஏதாவது கோளாறு இருக்கும், கொஞ்ச நாள் போகட்டும் என்றிருந்தேன். அப்புறம் விலை இறங்கட்டும் என்றிருந்தேன். இறங்கியபோது, அதைவிட நல்லது ஒன்று வரப்போவதாக யூட்யூபில் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நிதானமாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவசரப்பட்டு வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு என்பதால், அது முழுக்கத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். நான் கார்டு தேடுவதைக் கிண்டல் செய்து அவன் மட்டும் அவ்வப்போது, “மாப்ள, பொண்ணு பாத்து முடிச்சாச்சா?” என்று டைப் அடிப்பான்.

அடுத்த லீவு சற்றுத் தள்ளிப் போய், இந்தத் தை மாதம் வந்தான். இந்தமுறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கார்டோடு வந்து இறங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குள் போடுகிற மெமரியின் விலை கண்டபடி ஏறிக் கிடந்தது. உலகத்தில் உள்ள மெமரியை எல்லாம் ஏஐக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். முகூர்த்த நாளில் மல்லிகை ஏறுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு அதிசயமில்லை. ஏறியது இறங்கும்.

“கார்டு பத்திரமா இருக்கட்டும். மெமரி இறங்குனதும் மாட்டிருவோம். இப்ப வாங்குனா பாதிதான் போட முடியும். பாதி போட்டா பத்து வருஷம் தாங்காது” என்றேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து கார்டைச் சுற்றியிருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“பத்து வருஷம்னா எனக்கு எத்தன லீவுன்னு பாத்தியா?” என்றான்.

மடித்த துண்டை ஓரமாக வைத்துவிட்டு அவனே விரல்விட்டு எண்ணினான்.

“அஞ்சு. ஒண்ணு தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிரும். ஒண்ணு வீட்டு வேலைக்கு. எங்க உம்மாக்கு முட்டு ஆபரேஷன் செய்யணும், அதுக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டு லீவுக்கு எதுக்கு மக்கா பத்து வருஷ கம்ப்யூட்டர்?”

கார்டின் ஆயுசு, பவர் சப்ளையின் ஆயுசு, ஃபேனின் ஆயுசு எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் சந்தை முடிந்ததும் இருவரும் திருநெல்வேலிக்குப் போய், பாதி மெமரியோடு மற்ற எல்லாவற்றையும் வாங்கி வந்தோம்.

கூடத்தில் பாய் விரித்து அசெம்பிள் செய்தோம். கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது அம்மா சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். “ஃபேன்ல படாம மேல தகட்டுல வைங்கம்மா” என்று அவனே இடம் காட்டினான். அம்மா வைத்து முடித்ததும் பிஸ்மி சொல்லி ஸ்விட்சைப் போட்டான். முதல் தடவையிலேயே ஓடியது.

மிச்சமிருந்த மதியங்களில் ஆடினோம். கதவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான், நான் பள்ளத்தில் விழுவேன். “ஏலே, பிடிலே” என்று நான் கத்தினால் மனைவி எட்டிப் பார்த்து, “கணக்கு ரொம்ப இடிக்குதோ?” என்று கேட்டுவிட்டுப் போவாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பாதி மெமரியின் குறையை ஒருமுறைகூட நான் கவனிக்கவில்லை. ஆட்டம் பாதிக்கு மேல் போயிருந்தபோது அவன் திரும்ப வேண்டியதாயிற்று. நோன்பு மாதத்தில் துணிக்கடையில் யாருக்கும் லீவு கிடையாது. மீதியை அடுத்த தடவை முடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டோம்.

போன வாரம் ஒரு மதியம், வழக்கத்துக்கு மாறாக டைப் அடிக்காமல் போன் செய்தான். தெருவில் நின்று பேசினான் போலிருக்கிறது, வண்டிச் சத்தம் கேட்டது. கடை கைமாறிவிட்டதாம். சம்பளம் அதேதான். லீவை மட்டும் புது முதலாளி மூன்று வருஷத்துக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டாராம்.

நான் உடனே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். அப்படியென்றால் பத்து வருஷத்தில் மூன்றுதான். கல்யாணம், வீடு, ஆபரேஷன், அதோடு தீர்ந்தது. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். அந்தப் பக்கம் அவனும் அதைத்தான் வகுத்துக்கொண்டிருந்தான்.

“மக்கா” என்றான். “அந்தக் கம்ப்யூட்டர் பதினஞ்சு வருஷம் தாங்குமா?”

தாங்காது என்று அவனுக்கும் தெரியும்.

“தாங்கும்லே” என்றேன்.